நாற்காலியில் அமர்ந்தவர்கள்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலையில், நமது கீழ்த்தாடையின் இடப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று இனியும் பொறுப்பதற்கில்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆறு மாத காலம் அது விடுத்துவந்த எச்சரிக்கைகளைக் கிராம்புத் தைலத்தாலும், வெதுவெதுப்பான உப்பு நீராலும், 'அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்' என்னும் கைகண்ட மருந்தாலும் சமாளித்து வந்தோம். அன்றிரவு உறங்க இயலவில்லை. மறுநாள் காலை முதல் ஆளாகப் பல் மருத்துவமனையின் வாயிலில் நின்றோம்.

அங்கு நடந்தவை வாசகர்கள் பலருக்கும் பழக்கமானவையே. சாயும் நாற்காலி, முகத்துக்கு நேரே விளக்கு, பக்கத்தில் துப்புவதற்கொரு கிண்ணம், உள்ளறையிலிருந்து வரும் அந்த 'ட்ரில்' ஓசை. மருத்துவர் இளம் பெண்மணி. நம் மகள் வயதுதான் இருக்கும். எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "இதைக் காப்பாத்த முடியாது சார், எடுத்துடலாம்" என்றார். நமது முகம் போன போக்கைக் கண்டு, "மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுப்பேன். வலிச்சா இடது கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடறேன்" என்றும் சேர்த்துக்கொண்டார். ஊசி ஏறியது. சில நிமிடங்களில் கீழுதட்டின் பாதி நம்முடையதாக இல்லாமல் போயிற்று. அதன்பின் தாடையில் ஓர் அழுத்தம், எலும்புக்குள் ஏதோ நெரிபடும் ஓசை, அவ்வளவே. நாம் கண்ணைத் திறந்தபோது பல் தட்டில் கிடந்தது.

"வலிச்சுதா சார்?"

வாய் நிறையப் பஞ்சு இருந்தபடியால் இல்லை என்று தலையை ஆட்டினோம். அவர் நம் சொல்லை, அதாவது தலையாட்டலை, நம்பிக் கையுறையைக் கழற்றினார்.

ஐஸ்கிரீம் ஒன்றே ஆகாரம் என்று விதிக்கப்பட்ட அந்தப் பிற்பகலில், நம் மனம் அந்தக் கேள்வியையே சுற்றிச் சுற்றி வந்தது. காய்ச்சலை அளக்கக் கருவி உண்டு. இரத்த அழுத்தத்தை அளக்கக் கருவி உண்டு. வலித்ததா என்று அறிவதற்கு மட்டும் மருத்துவர் நோயாளியைத்தான் கேட்கவேண்டியிருக்கிறது. வலியில்லாப் பல் மருத்துவம் பிறந்த கதையைப் பலர் எழுதியுள்ளனர். அவற்றிலெல்லாம் குறடு பிடித்து நின்றவரே நாயகர். நாற்காலியில் அமர்ந்திருந்தவர் என்ன சொன்னார், அவர் சொல் நம்பப்பட்டதா என்று கேட்டுக்கொண்டே படித்தால், அதே கதை சற்று வேறு விதமாகத் தெரிகிறது. அவ்வழியில் சிறிது தூரம் நடந்து பார்ப்போம்.

நாற்காலி என்பதே பிற்காலத்து வசதி. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட, ஐரோப்பாவில் பல் பிடுங்கிக்கொள்ள வந்தவரைத் தரையில் உட்காரவைத்து, அவர் தலையைத் தம் முழங்கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு பல்லெடுப்பவர்கள் இருந்தனர். இம்முறை அநாகரிகமானது, நோயாளியை அச்சுறுத்துவது என்று கண்டித்து, கைவைத்த நாற்காலியில் அவரை அமர்த்தவேண்டும் என்று வற்புறுத்தியவர் பாரிஸ் நகரத்துப் பியர் ஃபோஷார். 1728இல் இரு தொகுதிகளாக அவர் வெளியிட்ட 'பல் அறுவை மருத்துவர்' என்னும் நூலே இத்துறையின் மூலநூலாகக் கருதப்படுகிறது. பல்லைப் புழு அரிக்கிறது என்று பல நாடுகளிலும் நிலவிய நம்பிக்கையையும் அவர் ஏற்கவில்லை. நுண்ணோக்காடி கொண்டு தேடியும் புழு எதுவும் தம் கண்ணில் படவில்லை என்றார். பாபிலோனியரின் களிமண் பலகைகளிலேயே இடம்பிடித்துவிட்ட அந்தப் புழுவை நாமும் விடுவதாயில்லை. 'பூச்சிப்பல்' என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம்!

ஃபோஷார் வாழ்ந்த அதே பாரிஸில், போன் நெஃப் பாலத்தின்மேல் 'பெரிய தோமா' என்று பெயர் பெற்ற ஒருவர் பட்டப்பகலில் பலர் காணப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். இத்தகைய சந்தைப் பல்பிடுங்கிகள் முரசறைவோரையும் எக்காளம் ஊதுவோரையும் உடன் வைத்திருப்பதுண்டு. கூட்டத்தை அழைப்பது வாத்தியக்காரர்களின் ஒரு வேலை. குறடு பல்லைக் கவ்வும் நொடியில் ஓசையை உச்சத்துக்கு ஏற்றி, அகப்பட்டவரின் அலறலை மூழ்கடிப்பது மற்றொரு வேலை. 'வலிக்கவே வலிக்காது' என்ற கூவலுக்கு எதிர்ச்சாட்சி சொல்லக்கூடிய குரல் கூட்டத்தின் செவிக்கு எட்டாமல் போயிற்று.

அந்த நூற்றாண்டில் பரவிய கருவிகளுள் ஒன்றுக்குச் 'சாவி' என்றே பெயர். பழங்காலக் கதவுச் சாவியைப் போன்ற தண்டின் நுனியில் ஒரு கொக்கி. அதைப் பல்லில் மாட்டித் திருகினால் பல் பக்கவாட்டில் சாய்ந்து பெயர்ந்து வரும். சில வேளைகளில் தாடையெலும்பின் துண்டும் துணைக்கு வரும். இதற்கு அஞ்சி, ஆண்டுக்கணக்கில் வலியோடேயே குடித்தனம் நடத்தியவர்கள் பலர். அவர்களை நாம் எள்ளுவதற்கில்லை. ஊசியும் மாத்திரையும் இருக்கும் காலத்திலேயே ஆறு மாதம் ஒத்திப்போட்டவர்கள் அல்லவா நாம்?

பற்களால் துன்புற்ற பெரிய மனிதருள் முதன்மையானவர் ஜார்ஜ் வாஷிங்டன். 1789இல் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவராக அவர் பதவியேற்றபோது, சொந்தப் பல் என்று வாயில் எஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. அவருடைய பொய்ப்பற்கள் மரத்தாலானவை என்பது கட்டுக்கதை. நீர்யானைத் தந்தத்தாலும், உலோகத்தாலும், மனிதப் பற்களாலும் செய்யப்பட்டவை அவை. அவரது மவுண்ட் வெர்னன் பண்ணையின் கணக்குப் புத்தகத்தில், 1784ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு பதிவு இருக்கிறது. நீக்ரோக்களுக்கு ஒன்பது பற்களுக்காக ரொக்கம் கொடுத்த வகையில் ஆறு பவுன் இரண்டு ஷில்லிங். வாஷிங்டனின் பல் உபாதையைப் பற்றி அவரே எழுதிய கடிதங்களும் குறிப்புகளும் நிறைய உள்ளன. அந்த ஒன்பது பற்களைப் பறிகொடுத்த அடிமைகளின் சொல் ஒன்றேனும் மிஞ்சவில்லை. கணக்கில் அவர்கள் பெயர்கூட இல்லை. எண்ணும் தொகையும் மட்டுமே உள்ளன.

இனி, வலியை வென்ற கதைக்கு வருவோம். அதன் முதற்காட்சியிலும் ஒரு பல்வலிக்காரர்தான் நிற்கிறார். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஹம்ஃப்ரி டேவி, 1800இல் நைட்ரஸ் ஆக்சைடைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. ஞானப்பல் முளைக்கையில் ஈறு அழன்று துன்புற்ற நாட்களில், இந்த வாயுவை முகர்ந்ததும் வலி குறைந்ததை அந்நூலில் குறித்தார். குருதிப்போக்கு மிகுதியாக இல்லாத அறுவைகளில் இது பயன்படக்கூடும் என்றும் எழுதிவைத்தார். மருத்துவ உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. முகர்ந்தவரைச் சிரிக்கவும் ஆடவும் வைத்தபடியால், அந்த வாயு 'சிரிப்பு வாயு' என்ற பெயரோடு கேளிக்கை மேடைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. நாற்பத்து நான்கு ஆண்டுகள் அங்கேயே கிடந்தது.

1844 டிசம்பர் 10ஆம் நாள் மாலை, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்டு நகரில் அத்தகைய கேளிக்கை ஒன்று நடந்தது. நடத்தியவர் கார்ட்னர் குயின்சி கோல்ட்டன். மருத்துவம் பயின்று, அதை முடிக்காமல் காட்சி நடத்தப் புறப்பட்டவர். காட்சி காண மனைவியுடன் வந்திருந்தவர்களுள் ஹொரேஸ் வெல்ஸ் என்னும் பல் மருத்துவரும் ஒருவர். வயது இருபத்தொன்பது. 1836 முதல் அந்நகரில் தொழில் செய்துவந்தவர். தம் கையால் பிறர்க்கு நேரும் வலியைக் கண்டு மனம் நொந்தவர் என்று அவரை அறிந்தோர் சொல்வர்.

மேடையேறி வாயுவை முகர்ந்தவர்களுள் சாமுவேல் கூலி என்ற மருந்துக்கடைச் சிப்பந்தி துள்ளிக் குதித்து, பலகைகளில் மோதிக் காலைக் காயப்படுத்திக்கொண்டார். இருக்கைக்குத் திரும்பிய பின்னர் அருகிலிருந்த வெல்ஸ், அடிபட்டதே, வலிக்கவில்லையா என்று கேட்டார். கூலி காற்சட்டையை உயர்த்திப் பார்த்தபோது குருதி வழிந்துகொண்டிருந்தது. அதுவரை அவர் அதை அறிந்திருக்கவில்லை. மண்டபம் நிறைய இருந்தோர் ஆட்டத்தைப் பார்த்தார்கள். வெல்ஸ் ஒரு கேள்வி கேட்டார். கிடைத்த மறுமொழியை நம்பினார். இந்த இரண்டாவது காரியம் எளிதன்று என்பது பின்னால் தெரியவரும்.

அன்றிரவே வெல்ஸும், அவரிடம் முன்பு தொழில் பயின்ற ஜான் ரிக்ஸ் என்ற பல் மருத்துவரும் கலந்து பேசினர். சிரிப்பு வரும் அளவுக்கு முகர்வது வேறு, உணர்விழக்கும் அளவுக்கு முகர்வது வேறு. உயிருக்கே ஆபத்து நேரலாம். யார் மேல் சோதிப்பது? மறுநாள் காலை கோல்ட்டன் வாயுப் பையுடன் வெல்ஸின் மருத்துவ அறைக்கு வந்தார். வெல்ஸ், தம் நோயாளிகளை அமர்த்தும் நாற்காலியில் தாமே அமர்ந்தார். அவருக்கும் தொல்லை தந்துகொண்டிருந்த மேல்வரிசைக் கடைவாய்ப் பல் ஒன்று உண்டு. தலை பின்னால் சாயும் வரை வாயுவை இழுத்தார். ரிக்ஸ் குறட்டால் பல்லைப் பெயர்த்தெடுத்தார். விழித்தெழுந்த வெல்ஸ், குண்டூசி குத்திய அளவுகூட வலிக்கவில்லை என்று களிப்புடன் கூறினார்.

இந்நிகழ்ச்சியைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு ஒன்று தோன்றும். வெல்ஸ் நின்றுகொண்டு, வேறொருவரை அமர்த்தி, அவர் 'வலிக்கவில்லை' என்று சொல்லக் கேட்டிருந்தால், இத்தனை உறுதி அவருக்கு வந்திருக்குமா? தம் வாயில் தாமே கண்ட உண்மை அது. பிறரும் தம்மைப் போலவே அதை எளிதில் நம்பிவிடுவார்கள் என்று அவர் எண்ணியது மட்டும் பிழையாயிற்று.

அடுத்த சில வாரங்களில் பன்னிரண்டு, பதினைந்து பேருக்கு அவர் வாயு கொடுத்துப் பல் எடுத்தார். காப்புரிமை கோரவில்லை, அக்கம்பக்கத்துப் பல் மருத்துவர்களுக்கும் செய்முறையைச் சொல்லிக்கொடுத்தார். 1845 ஜனவரியில் பாஸ்டன் நகருக்குச் சென்றார். புகழ்பெற்ற அறுவை மருத்துவரான ஜான் காலின்ஸ் வாரனின் இசைவோடு, மருத்துவ மாணவர் முன்னிலையில் செய்துகாட்ட ஏற்பாடாயிற்று. ஒருவர் முன்வந்து அமர்ந்தார். வெல்ஸ் வாயு கொடுத்தார். பையைச் சற்று முன்னதாகவே எடுத்துவிட்டார். நைட்ரஸ் ஆக்சைடின் மயக்கம் விரைவில் வந்து விரைவில் கலைவது. பல்லை இழுத்தபோது அமர்ந்திருந்தவர் வாய்விட்டுக் கத்தினார். கூடியிருந்தோர் ஏளனம் செய்தனர், மோசடி என்றனர்.

கத்தியவர் என்ன சொன்னார் என்பதைப் பின்னர் வெல்ஸே எழுதியிருக்கிறார். சிறிது வலித்தது உண்மை, ஆயினும் பல் பிடுங்கும்போது வழக்கமாக வலிக்கும் அளவுக்கு இல்லை என்பதே அவர் சாட்சியம். இன்றைய மயக்கவியல் அறிந்தோர்க்கு இதில் வியப்பில்லை. அரை மயக்கத்தில் இருப்பவர் முனகுவதும் கத்துவதும் உண்டு. வலியை முழுதாய் உணர்ந்ததற்கு அது அடையாளமாகாது. ஆனால் அங்கே கூடியிருந்தவர்கள் கத்தலைக் கேட்டார்கள், சொல்லைக் கேட்கவில்லை. பாரிஸ் பாலத்தின்மேல் அலறல் செவியில் விழாததால் பல்பிடுங்கி பிழைத்தார். பாஸ்டனில் அது செவியில் விழுந்ததால் வெல்ஸ் வீழ்ந்தார். ஊர் திரும்பியவர் நோயுற்றார். இயற்கைப் பொருட்களின் காட்சி நடத்தினார். நீராடும் பூவாளிக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றார். பல் மருத்துவத்தை விட்டுவிட்டுப் போவதும் திரும்புவதுமாய் இருந்தார்.

வெல்ஸிடம் தொழில் பயின்று, சில காலம் பாஸ்டனில் அவருக்குக் கூட்டாளியாகவும் இருந்தவர் வில்லியம் மார்ட்டன். இவருக்கு வலியை ஒழிப்பதில் இருந்த அக்கறை வேறு வகையானது. தங்கத் தகட்டில் பொருத்திய பொய்ப்பல் வரிசைகளைச் செய்து விற்பது அவர் வணிகம். அதைச் சரியாகப் பொருத்தவேண்டுமானால் வாயில் எஞ்சியிருக்கும் பழைய வேர்கள் அனைத்தையும் பிடுங்கியாகவேண்டும். அதைக் கேட்டதுமே வந்தவர்களிற் பலர் எழுந்து போய்விடுவர். ஆக, அஞ்சி ஓடிய அந்தப் பெயர் தெரியாத நோயாளிகளுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. அவர்களை நிறுத்திவைக்க வழி தேடிய மார்ட்டன், சார்லஸ் ஜாக்சன் என்ற வேதியியலாரின் யோசனையையும் கேட்டு, ஈதருக்கு வந்து சேர்ந்தார்.

1846 செப்டம்பர் 30ஆம் நாள் மாலை, ஈபன் ஃப்ராஸ்ட் என்ற பாஸ்டன்வாசி பொறுக்கவொண்ணாப் பல்வலியுடன் மார்ட்டனின் கதவைத் தட்டினார். தம்மை வசியத் துயிலில் ஆழ்த்திப் பல்லை எடுக்க இயலுமா என்று கேட்டார். அதைவிடச் சிறந்தது தம்மிடம் இருப்பதாகச் சொன்ன மார்ட்டன், கைக்குட்டையை ஈதரில் நனைத்து முகரக் கொடுத்தார். ஃப்ராஸ்ட் விரைவிலேயே நினைவிழந்தார். உதவியாளர் விளக்கைப் பிடிக்க, வேரோடிய முன்கடைவாய்ப் பல் ஒன்று வெளியே வந்தது. கண் விழித்த ஃப்ராஸ்டுக்கு, நடந்தது எதுவும் தெரிந்திருக்கவில்லை.

மார்ட்டன் கெட்டிக்காரர். வெல்ஸ் எங்கே இடறி விழுந்தார் என்பதை அருகிலிருந்து கண்டவர். வலியில்லாமல் பல் எடுத்ததாக ஃப்ராஸ்டிடம் அன்றே எழுத்தில் வாங்கிக்கொண்டார். மறுநாள் பாஸ்டன் நாளிதழில் செய்தி வந்தது. அதோடு விடவில்லை. அக்டோபர் 16 அன்று, மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், கில்பர்ட் அபட் என்ற இளைஞரின் கழுத்துக் கட்டியை அதே வாரன் அறுக்கவிருந்தபோது, ஈதர்க் குடுவையுடன் காலம் தாழ்ந்து உள்ளே நுழைந்த மார்ட்டன், ஃப்ராஸ்டையும் உடன் அழைத்துவந்திருந்தார். அச்சத்துடன் படுத்திருந்த இளைஞருக்கு, இதை முகர்ந்தவர் இதோ நிற்கிறார் என்று காட்டினார். எவ்வளவு எளிய ஏற்பாடு! நாற்காலியிலிருந்து எழுந்தவர், அமரப்போகிறவருக்குச் சாட்சி. வெல்ஸும் ஹார்ட்ஃபோர்டிலிருந்து தம் நோயாளிகளுள் இருவரை வண்டியேற்றிக் கூட்டிச் சென்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க நம்மால் இயலவில்லை.

அபட் விழித்தபின், கழுத்தில் ஏதோ சுரண்டியது போல் இருந்ததென்றும் வலிக்கவில்லை என்றும் சொன்னார். இம்முறை மண்டபம் நம்பியது. அறுவை மருத்துவ வரலாற்று நூல்கள் புதிய அத்தியாயத்தைத் தொடங்குவது இந்த நாளிலிருந்துதான். அதற்குப் பதினாறு நாட்களுக்கு முந்தைய பல்வலிக்காரருக்கு அவற்றில் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வரி.

பிறகு நடந்தது பங்காளிச் சண்டை. 1846 நவம்பரில் மார்ட்டனும் ஜாக்சனும் சேர்ந்து காப்புரிமை பெற்றார்கள். விரைவிலேயே ஒருவருக்கொருவர் பகையாயினர். கண்டவர் நானே என்று வெல்ஸ் இதழுக்கு எழுதினார். பாரிஸ் வரை சென்று தம் கட்சியை எடுத்துரைத்தார். 1848 ஜனவரியில் நியூயார்க்கில் தனியே தங்கி, புதிதாய் வந்திருந்த க்ளோரோஃபார்மைத் தம்மேலேயே மீண்டும் மீண்டும் சோதித்தார். முன்பு ஒரே ஒரு முறை நாற்காலியில் அமர்ந்து அறிந்த வெற்றியை, இப்போது அளவின்றித் தேடினார் போலும். சித்தம் கலங்கிய நிலையில் தெருவில் பெண்கள்மேல் அமிலம் வீசிக் கைதானார். தெளிந்தபின், தாம் செய்தது தெரிந்து துடித்தார். ஜனவரி 24ஆம் நாள், முப்பத்து மூன்றாவது பிறந்தநாளுக்கு மூன்று நாட்கள் கழித்து, சிறையில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அவரையே கண்டுபிடிப்பாளராக ஏற்ற பாரிஸ் மருத்துவர்களின் கடிதம் அதன் பிறகே வந்து சேர்ந்தது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 1864இலும், அமெரிக்க மருத்துவச் சங்கம் 1870இலும் அவருக்குரிய பெருமையை வழங்கின. ஹார்ட்ஃபோர்டின் பூங்காவில் அவருக்குச் சிலை இருக்கிறது. நின்ற கோலம்தான். அமர்ந்த கோலம் இன்னும் பொருந்தியிருக்கும் என்பது நம் எண்ணம்.

சிரிப்பு வாயுவை மீட்டுக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? அதே காட்சிக்காரர் கோல்ட்டன். 1863 முதல் அவர் மீண்டும் வாயுவைப் பல்லெடுக்கக் கொடுக்கத் தொடங்கி, நியூயார்க்கில் அதற்கென்றே ஒரு நிலையம் அமைத்தார். விளம்பரம் அறிந்தவர் ஆகையால் ஒரு வழக்கத்தையும் ஏற்படுத்தினார். வலியின்றிப் பல் எடுத்துக்கொண்டு எழுந்த ஒவ்வொருவரும் ஒரு நீண்ட காகிதச் சுருளில் வரிசை எண்ணிட்டுக் கையொப்பமிட்டனர். 1898இல் அவர் மறைவதற்குள் அந்தக் கையொப்பங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. பாஸ்டனில் ஒற்றைக் கூச்சல் கெடுத்ததை ஈடுசெய்ய, ஒரு லட்சம் பேர் எழுதிக்கொடுக்கவேண்டியிருந்தது.

நமக்கு ஏறிய ஊசியின் கதை சற்றுத் தனி. உணர்வை முழுதும் பறிக்காமல் ஓரிடத்தை மட்டும் மரக்கச் செய்யும் வித்தை, 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் கண்ணில் கொக்கேயின் சொட்டு விட்டதில் தொடங்குகிறது. அதே ஆண்டு நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட், ரிச்சர்ட் ஹால் என்ற இரு அறுவை மருத்துவர்கள் அந்த மருந்தை நரம்பின் அருகில் ஊசியால் ஏற்றிப் பார்த்தனர். இங்கும் மருத்துவரே நோயாளி. ஹால் தம் முன்பல்லுக்குச் செல்லும் நரம்பை மரக்கச் செய்து, கூச்சமெடுத்த அந்தச் சொத்தையை வலியின்றி அடைத்துக்கொண்டார். கீழ்த்தாடை நரம்பை அதன் நுழைவாயிலிலேயே தடுக்கும் முறையையும் இவர்களே செய்துகாட்டினர். அதாவது, ஏறக்குறைய நூற்று நாற்பது ஆண்டுகளுக்குப் பின் நமது பாதி உதட்டைக் காணாமற்போகச் செய்த அதே முறை. தம் உடம்பிலேயே சோதித்ததற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. இருவரும் கொக்கேயினுக்கு அடிமையாயினர். ஹால்ஸ்டெட் பிற்காலத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பெரும்புகழ் வாய்ந்த அறுவை மருத்துவரானார். எனினும் கொக்கேயினை விடுவிக்கத் தரப்பட்ட மார்ஃபின் அவரைப் பற்றிக்கொண்டது.

கொக்கேயினின் கேடு இல்லாத மருந்தைத் தேடியதில், 1905இல் ஜெர்மனியிலிருந்து நோவோகெயின் வந்தது. அரை நூற்றாண்டு பல் மருத்துவமனைகளை ஆண்டது. அதற்கடுத்ததன் பிறப்பில் நாவுக்குப் பங்குண்டு. 1930களில் ஸ்டாக்ஹோமில் ஹோல்கர் எர்ட்மன் என்ற வேதியியலார், தாம் உண்டாக்கிய சேர்மம் ஒன்றைச் சுவைத்துப் பார்க்க, நாக்கு மரத்துப்போயிற்று. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு சென்ற நில்ஸ் லோஃப்கிரென், 1943இல் லிடோகெயினை உருவாக்கினார். உடன் உழைத்த இளைஞர் பெங்ட் லுண்ட்க்விஸ்ட் அதைத் தம் உடம்பிலேயே ஊசியால் ஏற்றிக்கொண்டு, எங்கே மரக்கிறது, எவ்வளவு நேரம் மரக்கிறது என்று பார்த்தார். 1948இல் 'சைலோகெயின்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. நம் ஊர் மருந்துப் புட்டிகளில் 'லிக்னோகெயின்' என்று அச்சிட்டிருப்பதும் இதுவே.

பல் எடுத்த ஒரு வாரம் கழித்துப் புண் ஆறிற்றா என்று காட்டச் சென்றோம். மருத்துவர் பார்த்துவிட்டு, நலம் என்றார். அப்படியே மறுபக்கமும் விளக்கைத் திருப்பியவர், வலப்பக்கத்தில் ஒரு பல் சொத்தையாகியிருப்பதைக் கண்டுபிடித்தார். "இதை இப்பவே அடைச்சிடலாம் சார். விட்டா இதுவும் அப்படித்தான் ஆகும்." மறுத்துப் பேச நம்மிடம் முகமில்லை. மீண்டும் ஊசி, மீண்டும் உதடு காணாமற்போதல். ட்ரில் சுழலத் தொடங்கிச் சிறிது நேரத்தில் பல்லின் ஆழத்திலிருந்து மின்னல் போல் ஒரு கீற்று எழுந்தது. பெரிய வலி என்று சொல்வதற்கில்லை. வெல்ஸின் குண்டூசியைவிடச் சற்றுக் கூடுதல்.

இடது கையைத் தூக்கினோம். ஓசை உடனே நின்றது. மருத்துவர் எதுவும் கேட்கவில்லை. இன்னொரு முறை ஊசியில் மருந்தேற்றத் திரும்பினார்.